ஓட்டை போட்ட பிரேக்கும் இடப்பக்க சீட்டும்

பிரேக் வேலையில் ஒரு நிம்மதி உண்டு: நாம் செய்தது சரியில்லையென்றால் புகார் சொல்ல ஆள் திரும்பி வருவது சந்தேகம்தான். இலங்கை மலைநாட்டில், அட்டன் டவுனில் ஒரு கராஜில் எட்டு வருடம் இந்த நிம்மதியோடு வாழ்ந்தவன் நான். கிரீஸ் கையோடு சோறு தின்ற சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நிம்மதியைக் கெடுக்கவே எங்கள் முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். பிரேக் வேலை பார்த்தவன்தான் முதல் இறக்கத்தில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில், இடப்பக்க சீட்டில் உட்கார வேண்டும். நான் சொல்லப்போகும் இறக்கத்தின்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதனால் வண்டி நிற்பதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை இருந்தது.

படம் பார்த்து வந்த ஆசை

எழுபதுகளின் கடைசி. இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சின்னத்துரை, அதாவது உதவி மானேஜர், ஊருக்குப் போய்விட்ட வெள்ளைக்காரத் துரையின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாகக் குடை வைக்கக்கூட இடமில்லை. கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் பிரேக் டிஸ்க்கின் படம். சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புத் தட்டு முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது. தனக்கும் அதே மாதிரி வேண்டுமாம்.

ஓட்டை எதற்கென்று எனக்குத் தெரியும். பந்தயத்தில் விடாமல் பிரேக் அடிப்பவர்களுக்குச் சூடு தணியும், மழைத் தண்ணீர் வழியும், கொஞ்சம் பாரம் குறையும். நம் சின்னத்துரை போய்வருவதோ கிளப்புக்கும் பங்களாவுக்கும். வளைவுக்கு மேல் வளைவாக இருக்கும் அந்த ரோட்டில் முப்பது மைல் வேகத்தைத் தொட்டாலே சாதனை. இருக்கிற டிஸ்க்கே போதும் என்று பணிவாகச் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு, “நிப்பாட்டுறத நான் பாத்துக்கிறேன் ராமையா, நீ ஓட்டைய பாரு” என்றார்.

சல்லடை நிபுணர்

ஓட்டை போட்ட டிஸ்க்கை இங்கிலாந்திலிருந்து தருவிக்க நாலு மாதமாவது ஆகும். அவ்வளவு பொறுமை சின்னத்துரைக்கு இல்லை. பழைய டிஸ்க்கிலேயே ஓட்டை போட்டுவிடலாமென்று தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியின் ஃபிட்டரைக் கூட்டிவந்தார். தேயிலை சலிக்கும் தகடுகளில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள் போட்ட கை அது. மனிதர் சோக்கட்டியை எடுத்து, டிஸ்க்கில் அடிமட்டம் வைத்து நேர்க்கோடு நேர்க்கோடாகக் குறிக்க ஆரம்பித்துவிட்டார்.

வரிசையாக ஓட்டை போட்டால் அந்த வரிசையிலேயே இரும்பு வெடிக்கும், பிரேக் அடிக்கும்போது தட்டு இரண்டாகப் போகும் என்றேன். ஃபிட்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சின்னத்துரையைத் தனியாக அழைத்து, தட்டு வெடித்தால் இடப்பக்க சீட் மட்டும் பள்ளத்துக்குப் போகாது, வலப்பக்கமும் கூடவே வரும் என்று விளக்கினேன். அன்றே டிஸ்க் கேட்டு லண்டனுக்குக் கடிதம் போயிற்று. ஃபிட்டர் சோக்கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நான் போட்ட சல்லடையில இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்லிங்க” என்றார்.

முதல் இறக்கம்

நாலு மாதம் கழித்து லண்டன் பெட்டி வந்ததும் முதலாளி என்னைப் பங்களாவுக்கே அனுப்பினார். ஷெட்டில் வைத்து டிஸ்க் இரண்டையும் முன்சக்கரங்களில் மாட்டினேன். ஆட்டம் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டையும் புதிதாகப் போட்டேன். இவ்வளவு பார்த்துப் பார்த்து என் கல்யாண வேலைகூட நான் செய்ததில்லை.

மறுநாள் காலை மூடுபனி. சின்னத்துரை கையுறை மாட்டிக்கொண்டார். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். மிதி கல்லாக நின்றது, கார் நிற்கவில்லை. பின்சக்கரங்கள் மட்டும் ஏதோ முனகின. அவர் கைபிரேக்கை இழுக்க, நான் கண்ணை மூட, கார் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இரண்டு நிரை தாண்டிப் படுத்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பா இருப்பானா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையைக்கூட இறக்காமல் சொன்னார்: “தொரை, பாதை அங்கிட்டு இருக்குங்க.”

சூசையின் அக்கறை

சின்னத்துரை கால்சட்டை மாற்றப் பங்களாவுக்கு நடந்தார். நான் சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் பளபளவென்று மின்னியது. தேங்காய் எண்ணெய் வாசம். அதற்குள் கார் கழுவும் டிரைவர் சூசை மூச்சிரைக்க ஓடிவந்தான். பங்களாவில் அவனைப் போல் உண்மையாக வேலை பார்க்கிறவன் கிடையாது, அதுதான் வினை.

கப்பலில் துருப்பிடிக்காமலிருக்க லண்டன்காரன் பூசிய எண்ணெய், துடைத்தது போதவில்லை என்று பிறகு சின்னத்துரையிடம் சொல்லிவைத்தேன். லண்டன்காரன் மறுப்புச் சொல்லவில்லை. நிஜத்தில் சூசை என்னிடம் சொன்னது இது: “பனியில புது இரும்பு துரு புடிச்சிருமுன்னு ஓட்டைக்கு ஓட்டை பஞ்சுல எண்ணெய தொட்டு வச்சேண்ணே, ஒண்ணுகூட விடல.”

இரண்டாவது இறக்கம்

காரை ஷெட்டுக்கு இழுத்துவந்து டிஸ்க்கைப் பெட்ரோலில் கழுவினேன். எண்ணெய் குடித்த பேட்டைத் தூக்கியெறிந்து பழையதை மாட்டினேன். சட்டம் சட்டம்தான், மறுபடியும் இடப்பக்க சீட். இந்தத் தடவை மிதித்த இடத்திலெல்லாம் கார் நின்றது. நோர்வூட் ரோட்டில் ஒரு வளைவு திரும்பினால் நடு ரோட்டில் மாடு. சின்னத்துரை மிதித்தார். ஆணி அடித்த மாதிரி நின்றோம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்ல நல்ல சேதி கிடைத்ததென்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பின்னாலிருந்து தேயிலைப் பெட்டி லொறி வந்து இடித்தது. காரின் பின்பாதி முன்பாதிக்கு வந்தது. என் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி இரண்டு வாரம் அப்படியே இருந்தது. அந்த லொறிக்கு பிரேக் பார்த்தவர் எங்கள் முதலாளி. தன் சட்டம் தனக்கில்லை என்று கராஜிலேயே இருந்துவிட்டார். லொறிக்காரர் இறங்கிவந்து எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். “நீங்க நிப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லிங்க தொரை.”

அன்றிலிருந்து பிரேக் நன்றாகப் பிடிக்குமா என்று யார் கேட்டாலும், பின்னால் வருகிறவனிடம் முதலில் கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன்.