ராத்திரியில் இறுகாத ஐஸ்

ஃபிரிட்ஜின் கதவை மூடினால் உள்ளே இருக்கும் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமா, அணைந்துவிடுமா? எனக்கு ரொம்ப நாளாக இந்தச் சந்தேகம் இருந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். இந்த இடத்தில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவள் பிறந்தபோதே வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு அறை வைத்த ஓட்டு வீட்டில் இருந்தோம். சுற்றிலும் இருந்த வயலுக்கெல்லாம் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்று நெல் இருந்த இடத்தில் இன்றைக்குப் பெயிண்ட் அடித்த கல் நிற்கும். என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. முன் அறையில் நான், அவர், எங்கள் மகள். பின் அறையில் மாமியார். நான் காலனியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாலில் ஒரு வீடு டீச்சர் வீடு. அங்கேதான் நான் முதலில் ஃபிரிட்ஜைக் கிட்டத்தில் பார்த்தது. கதவைத் திறந்தால் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றியதுபோல உள்ளே மஞ்சளாக எரியும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"டீச்சரம்மா, கதவ மூடிட்டா உள்ள லைட்டு எரியுமா?"

"எரியாதும்மா. ஆட்டோமேட்டிக்கா ஆஃப் ஆயிடும்."

"அது எப்டி அதுக்குத் தெரியும், மூடிட்டாங்கன்னு?"

டீச்சர் சிரித்துக்கொண்டே என் விரலைப் பிடித்து, கதவு வந்து மோதும் இடத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தான்மேல் வைத்தார். அமுக்கினேன். அணைந்தது. விட்டேன். எரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து முடிக்க ரொம்ப நேரமாகிவிட்டது. அப்புறம் மற்ற மூன்று வீட்டிலும் யாரும் பார்க்காத நேரமாக அதே பொத்தானைத் தேடி அமுக்கிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் இருந்தது.

அடுத்த தை மாதம் டீச்சர் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. பழையதைக் கடைக்காரன் அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்கிறான். டீச்சருக்கு மனசு வரவில்லை. "அவனுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா நீ எடுத்துட்டுப் போ. டோர் ரப்பர் மட்டும் கொஞ்சம் லூஸ். மத்தபடி குட் கண்டிஷன்" என்றார்.

மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது பாதித் தெரு கூடவே நடந்து வந்தது. இறக்கி வைத்து மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். முன் அறையில் பிளக் கிடையாது. அதனால் நடுச்சுவரில் ஓட்டை போட்டு ஒயரை மாமியார் அறைக்குள் விட்டு, அங்கே இருந்த சுவிட்சில் சொருகிவிட்டார் என் வீட்டுக்காரர். அந்தச் சுவிட்ச் மாமியார் தலைமாட்டில், கொடியில் தொங்கும் புடவைகளுக்குப் பின்னால் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் அவ்வளவு அவதிப்பட்டேன்.

சொருகியவர் சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மே, இதுக்குள்ள வெக்கறதுக்கு நம்ம வூட்ல இன்னா கீது? பழஞ்சோறு வெப்பியா?"

"வெப்பேன். உனுக்கு அதான்யா துன்னக் குடுப்பேன்."

"கரண்டு பில்லு உங்க டீச்சரம்மாவா கட்டும்? முழுப்பரிச்ச முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தப் பொட்டி அதோட சோத்த அதுவே சம்பாரிக்கணும். இல்லாங்காட்டி காயலான் கடைக்காரன இட்டாந்துடுவேன், ஆமா."

விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளே பழைய இரும்பு எடுக்கும் காயலான் கடைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

எனக்கோ அதை விட மனசில்லை. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, என் வாசலில் நானே ஒன்று செய்து விற்க வேண்டும் என்று ஆசை. கூடுவாஞ்சேரியில் என் சித்தி மகள் வீட்டிலேயே பாக்கெட் ஐஸ் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். விரல் தடிமனுக்கு நீளமான பிளாஸ்டிக் உறையில் கலர் சர்க்கரைத் தண்ணீர். பிள்ளைகள் முனையைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சுவார்களே, அது. எங்கள் தெருமுனையிலேயே பள்ளிக்கூடம். மாசி பிறந்து வெயிலும் ஏற ஆரம்பித்திருந்தது. இதைவிட என்ன வேண்டும்?

அவளையே கூட்டிக்கொண்டு ரயிலேறிப் பாரிமுனை போனேன். உறை, கலர், எசன்ஸ், சின்னப் புனல். எசன்ஸ் கடையில் எனக்கு மூக்கை எடுக்க மனசே வரவில்லை. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து காட்டச் சொன்னேன். அன்னாசிப் பழம் இல்லாமல் அன்னாசி வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "யம்மா, வாங்கறதுன்னா வாங்கு. மோந்து மோந்தே பாட்டில காலி பண்ணிடுவ போலகீது" என்றான் கடைக்காரன்.

உறையை மூடுவது ஒரு வித்தை. ஊற்றிய பிறகு வாயை மடித்து, ரம்பத் தகட்டின் ஓரத்தில் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் ஓட்டை விழும். வேகமாக இழுத்தால் ஒட்டாது. முதல் நாள் ஊற்றியதில் பாதி என் மடியில்தான் இருந்தது. எறும்பெல்லாம் என் பின்னாலேயே வந்தது.

கை பழகியதும் எனக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை. ரோஸ், ஆரஞ்சு என்று எல்லாரும் போடுவதையே ஏன் போட வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பானகம் கரைத்து, சுக்கு தட்டிப் போட்டு ஊற்றினேன். சாயங்காலம் அருமையாக இறுகியிருந்தது. மாமியார் ஒன்றை உறிஞ்சிவிட்டு, "சாமிக்குப் படைக்காம துன்றியேடி" என்று திட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டார். மோரில் உப்பு, பெருங்காயம் போட்டும் ஊற்றிப் பார்த்தேன். அது மட்டும் கொழகொழவென்றே இருந்தது. உப்பு போட்டால் இறுகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படியாக வியாபாரம் ஆரம்பித்தது. சாயங்காலம் வீடு திரும்பி ஊற்றி வைப்பேன். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். பத்தரை மணி பெல்லுக்குப் பிள்ளைகள் ஓடி வரும்போது மாமியார் எடுத்துக் கொடுப்பார். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஐஸ்தான் இறுகவில்லை.

முதல் நாள் நான் திரும்பி வருவதற்குள் தெருவே பேசிக்கொண்டிருந்தது. மாமியார் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஐஸு போட்ட நீ? ஒரு வாலு கேக்குது, 'ஆயா, இது ஐஸா, இருமல் மருந்தா?'ன்னு. எனுக்கு மானம் போச்சு."

"நல்லாத்தான அத்த ஊத்துனேன்?"

"ஊத்தன. அதான் ஊத்திக்கிச்சு."

மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் கல்லாக இறுகுகிற ஐஸ், ராத்திரி முழுக்க இருந்தும் ஏன் தண்ணீராகவே இருக்கிறது? எனக்குக் கோபத்தைவிட அதிசயம்தான் அதிகம். வேலை செய்கிற வீட்டிலெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஒரு வீட்டுக் குழம்புச் சட்டியை இரண்டு முறை தேய்த்தேன்.

உப்பு ஞாபகம் வந்தது. எங்கள் போரிங் தண்ணீர் உப்புக் கரிக்கும். சரி, இதுதான் என்று ஏரிப்பக்கம் இருந்த கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றினேன். இறுகவில்லை. கதவு ரப்பர் லூஸ் என்று டீச்சர் சொன்னாரே என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஃபிரிட்ஜைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். பார்ப்பதற்குப் பல்வலிக்குத் துண்டு கட்டியதுபோல இருந்தது. இறுகவில்லை. யார் கண்ணோ என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். வீடே இருமியது, ஐஸ் இறுகவில்லை.

வீட்டுக்காரர் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் தட்டிக்கொடுப்பார். "வரட்டா நைனா? காயலான் கடைக்காரரு உன்ன ரொம்ப விசாரிச்சாரு." பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலை, கிளம்பும் முன் ஐஸைப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன். உள்ளே இருட்டு. விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது, இது வேறு செலவா என்று நொந்துகொண்டு போனேன். அன்றைக்கு ஒரு வீட்டில் வேலை இல்லாததால் பதினொரு மணிக்கே திரும்பி வந்து திறந்தால் பளிச்சென்று எரிகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொத்தானை அமுக்கினேன். அணைந்தது. விட்டேன். எரிந்தது. ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடியற்காலை திறந்தேன். மறுபடி இருட்டு. கரண்ட் போயிருக்குமோ என்று நிமிர்ந்தால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது.

டீச்சரிடம் சொன்னேன். "டீச்சரம்மா, எங்க வூட்டு பல்பு பதினோரு மணிக்குத்தான் தூங்கி எழுந்துக்குது."

"பல்புக்கு என்னம்மா தெரியும்? கரண்ட் வந்தா எரியும், வரலேன்னா எரியாது. ப்ளக் லூஸ் கனெக்‌ஷனா இருக்கும், செக் பண்ணிப் பாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல்பு பொய் சொல்லாது. அது எரியவில்லை என்றால் ஃபிரிட்ஜுக்கே கரண்ட் இல்லை.

அடுத்த விடியற்காலை ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒயரைக் கையால் பிடித்தேன். பாம்பைப் பிடித்துக்கொண்டு போவதுபோல அதையே தொட்டுத் தொட்டு, சுவர் ஓட்டை வரை போய், அந்தப் பக்கம் மாமியார் அறைக்குள் நுழைந்து, கொடிப் புடவைகளை விலக்கினேன். பிளக் கெட்டியாகத்தான் சொருகியிருந்தது. சுவிட்ச்தான் மேல் பக்கமாகத் தூக்கியிருந்தது.

மாமியார் பாயில் உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டிருந்தார்.

"அத்த, இத யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான். ஏன்?"

"நீங்களா? எப்பலேருந்து?"

"வந்த நாள்லேருந்து. ராவானா முனகுதுடி அது. உர்ருன்னு கொஞ்ச நேரம், அப்பால ஒடம்பு ஒதறுது. நெற மாசப் புள்ளத்தாச்சியாட்டம் அனத்திக்கினே கீது. பகல்லாம் ஒழைக்குது, ராவாச்சும் தூங்கட்டுமேன்னு அமிக்கி வுடுவேன். காபி குடிச்சிட்டு மறுக்கா போட்டு வுடுவேன்."

ஐஸை வாசலில் விற்று, பிள்ளைகளிடம் பேச்சு வாங்கி, மானம் போச்சு என்று புலம்பியதும் அவர்தான். தினமும் ராத்திரி அதைத் தூங்க வைத்ததும் அவர்தான்.

"அத்த, அது தூங்குனா ஐஸும் தண்ணியாயிடும்."

"அத யாருடி எனுக்குச் சொன்னா? நீ பாட்டுக்குப் பொட்டு வெச்சி கற்பூரம் காட்டுன. எனுக்கு அது வூட்டுக்கு வந்த மருமகளாட்டம்தான் தோணுச்சு. ஒன்ன மட்டும் நான் ராவுல வேல வாங்குனனா?"

வாங்கினார்தான். ஆனால் அதை அப்போது சொல்லவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, அவர் முறைக்க, கொஞ்ச நேரத்தில் அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "இன்னாத்துக்கு மாமியாரும் மருமகளும் ஒண்ணா சிரிக்கிறீங்க? எனுக்கு பயமா கீது" என்றார்.

அன்று சாயங்காலம் ஊற்றினேன். சுவிட்சைத் தொடுவதில்லை என்று மாமியார் சாமி படத்தின்மேல் கை வைத்துச் சொன்னார். விடியற்காலை கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்தது. ஒரு பாக்கெட்டை எடுத்துத் தரையில் தட்டினேன். டங்கென்றது. அன்றைக்கு இருமல் மருந்து என்று சொன்ன வால்தான் முதலில் வந்ததாம். மாமியார் அவனை மட்டும் கடைசி வரை நிற்க வைத்து, பானக ஐஸ் ஒன்று கொடுத்து அனுப்பினாராம். இரண்டாவது பெல்லுக்குப் பெட்டி காலி.

முழுப்பரீட்சை முடிகிற வாரம் காயலான் கடைக்காரர் மூன்று சக்கர வண்டியோடு சொன்னபடி வந்துவிட்டார். நல்ல வெயில். நெற்றியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஒரு ஆரஞ்சு எடுத்து வந்து கையில் கொடுத்தேன். வண்டிமேலேயே உட்கார்ந்து உறிஞ்சி முடித்தார்.

"எங்க யக்கா அந்தப் பழைய பொட்டி?"

"இப்ப துன்னீங்களே, அதுலேருந்துதான் வந்துச்சு."

அவர் காலி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடற குதிரய வந்து தூக்கினு போன்னு சொல்லிகீறாரே உங்க ஊட்டுக்காரரு. இன்னோண்ணு குடு, அந்த செவப்பு." அது முடிந்ததும் வெறும் வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் கோடை முழுக்க எங்கள் தெரு வழியாகத்தான் போவார்.

மாமியார் மட்டும் மாறவில்லை. ஃபிரிட்ஜ் என்றால் நடுநடுவே தானாகவே சத்தம் நின்று, மறுபடி தானாக ஓடும் இல்லையா? முனகுவது அவருக்குப் பழகிவிட்டது. இப்போது நின்றால்தான் தூக்கம் கலையும். பின் அறையிலிருந்து குரல் வரும்:

"ஏம்மே, எழுந்து பாரு. மூச்சுப் பேச்சக் காணோம். நான் தொடலடி, சாமி சத்தியமா நான் தொடல."