சாதாவா, ஸ்ட்ராங்கா?

"டீ எங்கீங்க?" என்று சிவப்புக் காரில் வந்தவர் கேட்டார்.

"எந்த டீ சார்?" என்றார் பம்பில் நின்ற முருகேசன்.

கொடைக்கானல் பெட்ரோல் பங்க்கில் பல ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டீசல் காரில் பெட்ரோல் போனதைப் பார்த்திருக்கிறேன். நாசிலை டேங்க்கில் விட்டபடியே ஒரு வேன் கிளம்பியதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பம்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த டீக் கதையைத்தான்.

வார்த்தை வந்த வழி

எங்கள் பங்க்கில் இரண்டு வகை பெட்ரோல் உண்டு. சாதா, பிரீமியம். சாதாவின் ஆக்டேன் 91, பிரீமியத்துக்கு 95. ஆக்டேன் கூடினால் பெட்ரோலுக்குச் சக்தி கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது, தீப்பொறி வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறன்தான் ஆக்டேன். அந்தத் திறன் போதாவிட்டால் டொக் டொக்கென்று சத்தம் வரும். நாக்கிங் என்போம். அது நீடித்தால் பிஸ்டன் கெட்டுப்போகும்.

பிரீமியத்துக்குக் கம்பெனி வைக்கும் பெயர் அடிக்கடி மாறும். புதுப் பெயர் எதுவும் ஜீப் டிரைவர்கள் வாயில் நுழையாது. அவர்களில் யாரோ ஒருவர் பக்கத்து டீக்கடைப் பேச்சை இங்கே கொண்டுவந்து, "நமக்குச் சாதா போதும்க்கா, ஸ்ட்ராங்கு பணக்கார வண்டிக்கு" என்றார். அது ஒட்டிக்கொண்டது. பம்பில் நிற்பவர்கள் எல்லோரும் வாடிக்கையாளரிடம் "சாதாவா, ஸ்ட்ராங்கா?" என்றே கேட்க ஆரம்பித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது புரிந்தது. மேலே ஏறி வருகிறவர்களுக்குப் புரியுமா என்று நான் உட்பட யாரும் யோசிக்கவில்லை.

முருகேசன் பூம்பாறைக்காரர். பூண்டு போட்ட குடும்பம். தொடர் மழையில் பயிர் அழுகியதால் பங்க்குக்கு வந்தவர்; அப்போது வேலையில் முதல் மாதம். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர்தான் டீசல் காரில் பெட்ரோல் அடித்தவர். அதனால் முதலாளி முருகேசனைச் சேர்க்கும்போதே, ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் வெளியேதான் என்று சொல்லியிருந்தார்.

மூடிக்குப் பின்னால்

சிவப்புக் கார். இரண்டே கதவு, டர்போ இன்ஜின், தரையை ஒட்டிய உயரம். கோயம்புத்தூர்ப் பதிவு. ஓட்டி வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். இறங்கியதும் "ஃபுல் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு, சிக்னல் தேடிச் சாலையோரம் போய் நின்றார். மூடுபனி. அந்த நேரம் பார்த்து டீக்கடை மாஸ்டர் கம்பிக் கூடையில் டம்ளர்களோடு பங்க்குக்குள் வந்தார். தினமும் எங்களுக்கு டீ வரும் நேரம் அதுதான்.

முருகேசன் பம்பிலிருந்து குரல் கொடுத்தார். "சார், சாதாவா, ஸ்ட்ராங்கா?"

அவர் திரும்பினார். கண்ணில் பட்டது டீக் கூடை. "சாதாவே போதும்க. சக்கரை கம்மியா."

முருகேசன் சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார். "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்று வழக்கப்படி சொல்லி, சாதா நாசிலை எடுத்து டேங்க்கை நிரப்பினார். ஜீரோவை யாரும் பார்க்கவில்லை.

டீ வராததால் அவர் பம்பருகே வந்தபோதுதான் நான் மேலே எழுதிய பேச்சு நடந்தது. பிறகு பில்லைப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுல பிரீமியம்தான் போடோணும்ங்க. மூடிக்குப் பின்னால நைன்டி ஃபைவ்னு எழுதியே இருக்குது. பாக்க மாட்டீங்களா?"

"நீங்கதான் சார் சாதான்னு சொன்னீக."

"நான் டீய சொன்னேன்."

"நான் பெட்ரோலக் கேட்டேன்."

இருவர் சொன்னதும் உண்மை. நான் குறுக்கே போய் நின்றேன். அவர் குரல் சட்டென்று தாழ்ந்தது. "வண்டி என்னுதில்லைங்க மேடம். எங்க அக்கா வீட்டுக்காரர்து. வாரத்துக்கு ரெண்டு தடவ அவரே கழுவுவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு. கெஞ்சித்தான் வாங்கிட்டு வந்தேன். இன்ஜினுக்கு ஒண்ணுன்னா நான் அந்த வீட்டுப் படி ஏற முடியாதுங்க."

முதலாளி மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் இருந்தார். போனில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "ஏம்மா ஸ்டெல்லா, சேக்கும்போதே சொன்னேன்ல? இன்ஜினுக்கு ஏதாவது ஆயிருந்துச்சுன்னா அவன் இன்னைக்கே கெளம்பட்டும். ஆகலைன்னா நான் வந்து பேசிக்கிறேன்" என்றார். முருகேசன் எதிரில்தான் நின்றார். போனில் முதலாளி பேசுவது எப்போதும் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்கும்.

பெட்ரோல் மூடியைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 95 பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. முதல் வரி, 95 ரெகமண்டட். இரண்டாவது, குறைந்தது 91. அவரிடம் காட்டினேன்.

"ரெகமண்டட்னா கட்டாயம்னுதானே மேடம் அர்த்தம்?"

"டாக்டர் தினமும் நடக்கச் சொல்றாரு, நடக்குறமா சார்?" என்றார் முருகேசன்.

"முருகேசா, சும்மா இரு" என்றேன்.

எனக்குத் தெரிந்த வரை, இந்த மாதிரி இன்ஜினில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சர் இருக்கும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் வந்தால் அது பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப் போடும். இழுவை கொஞ்சம் குறையும், சேதம் வராது. இதை அவரிடம் சொன்னேன். ஆனால் அந்தக் காரின் இன்ஜினை நான் திறந்து பார்த்ததில்லை. அதையும் சொன்னேன். இரண்டாவதாகச் சொன்னது மட்டும் அவர் மனதில் நின்றது.

"அப்ப ஒரு ஏத்தத்துல ஓட்டிப் பாத்துருவோம். நீங்க ரெண்டு பேரும் வாங்க. கேளுங்க" என்றார்.

ஏற்றம்

முன்சீட்டில் நான். பின்சீட் பெயருக்குத்தான் சீட்டு. முருகேசன் முழங்கால் மோவாயில் இடிக்க அதில் மடங்கி உட்கார்ந்தார். அப்சர்வேட்டரி ரோட்டில் ஏறினோம். ரேடியோவை அணைத்தார், கண்ணாடிகளை ஏற்றினார், ஹீட்டரையும் நிறுத்தினார். மூன்று பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

நேர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். இன்ஜின் சீராக இருந்தது. அடுத்து ஒரு வளைவு. டொக். டொக் டொக்.

அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். "கேட்டுச்சுங்களா?"

கேட்டது. முருகேசனைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வளைவு. மறுபடி டொக் டொக். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அழுத்தும்போது சத்தம் இல்லை. திருப்பும்போதுதான் வந்தது. நாக்கிங்குக்கு வளைவும் நேரும் ஒன்றுதான், அது இன்ஜின் திணறும்போது வருவது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், சத்தம் முன்னாடி இல்ல. எம் முதுகுக்குப் பின்னாடிதான் என்னமோ உருண்டுக்கிட்டுக் கெடக்கு."

ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தார். பழனிப் பஞ்சாமிர்த டப்பாக்கள் நான்கு. மூன்று பையில் இருந்தன. நான்காவது வெளியே வந்து, ஜாக்கியின் மேல் சாய்ந்து கிடந்தது.

முருகேசன் அந்த டப்பாவை எடுத்து, சட்டையில் துடைத்து, பைக்குள் நிமிர்த்தி வைத்தார். மீதி ஏற்றம் முழுக்க ஏறினோம். சத்தமே இல்லை. இழுவை கொஞ்சம் மந்தமோ என்று அவர் கேட்டார். மூன்று பேர் இருக்கிறோம் சார் என்றேன்.

திரும்பி வந்ததும் அவரே அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஒளித்து வைத்தால் தூக்கம் வராது என்றார். நாங்களும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"மாமா, தப்பாயிருச்சுங்க மாமா. வண்டில சாதா பெட்ரோல் போட்டுட்டாங்க. ஃபுல் டேங்க்."

"அதுக்கென்னடா?"

"நைன்டி ஃபைவ்தானே போடோணும்?" என்றவர், என் பக்கம் திரும்பி, "கேளுங்க மேடம்" என்றார்.

"ஹைவேல விரட்டறதுன்னா போடுவேன். ஊருக்குள்ள நானே சாதாதான் போடறேன். அடுத்த தடவ பிரீமியம் போட்டுக்க, அவ்வளவுதான். இத உங்க அக்காகிட்ட சொல்லிராத. அவகிட்ட எப்பவும் பிரீமியம்தான் போடறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." ஒரு நொடி நிறுத்தம். "ஆமா, பழனிக்குத்தானே வண்டி கேட்ட? இப்ப எங்கடா இருக்க? அங்க என்ன மேடம்னு சத்தம் கேக்குது?"

மூடுபனி மேல் பழியைப் போட்டு, சிக்னல் இல்லை என்று சொல்லி லைனைக் கட் பண்ணினார். பிறகு பம்பின் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து சிரித்தார். முருகேசன் சிரிக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முதலாளிக்குப் போன் பண்ணி, இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை, கம்ப்ளைன்டும் இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

"சரி, சோலியப் பாக்கச் சொல்லு" என்று முதலாளி சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். மூடிக்குப் பின்னால் இருப்பதைக் கடைசி வரி வரை படியுங்கள். அதில் பிரீமியம் கட்டாயம் என்று போட்டிருந்தால், எந்த மாமா சொன்னாலும் சாதா போடாதீர்கள். இரண்டாவது, எதைப் பற்றிக் கேட்கிறோமோ அதன் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நமக்குள் பழகிப்போன வார்த்தை வெளியாளுக்கு வேறு எதையோ சொல்லும்.

இந்த இரண்டாவது பாடத்தை முதலில் கடைப்பிடித்தவர் முருகேசன். அன்று கார் கிளம்புவதற்கு முன் டீக்கடைக்கு ஓடினார். பாதியில் நின்று, திரும்பி, பங்க் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"சார், டீயக் கேக்குறேன். டீ. சாதாவா, ஸ்ட்ராங்கா?"

"ஸ்ட்ராங்குங்க" என்றார் அவர். "சக்கரை நெறையா."