சிறுமலை அடிவாரத்தில் ரஹ்மத்தக்காவோடு

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ரஹ்மத்தக்காவிடம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பாண்டி அண்ணன் போன் செய்தார். எடுத்ததும் வீட்டில் எல்லோரையும் விசாரிப்பவர், அன்று நேராக விஷயத்துக்கு வந்தார். பின்னால் ஏதோ ஒரு குதிரை கனைத்துக்கொண்டிருந்தது.

"மேடம், அக்கா தவறிட்டாங்க. விடியக்காலைல. ஜும்மா தொழுகை முடிஞ்சதும் எடுக்குறாங்களாம். நீங்க முன்னாடி போங்க. நான் குதிரைகளுக்குத் தீனி வச்சுத் தண்ணி காட்டிட்டு வாரேன். இன்னைக்குப் பாத்துப் பட்டினி போட்டேன்னா அக்கா என்னைய மன்னிக்க மாட்டாங்க."

ரஹ்மத் நிஷா அவர்களை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் அவர் குதிரைகள் வைத்திருந்தார். ஜல்லிக்கட்டுக் கூட்டம் கலைந்து, நெல் அறுப்பு முடிந்து, வயல்கள் தாளோடு காய்ந்து கிடக்கும் தை, மாசி மாதங்களில் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வடக்கே புறப்படுவார். பாலமேடு, சாத்தியாறு அணை, சிறுமலை அடிவாரம், நத்தத்து மாந்தோப்புகள் என்று சில நாட்கள் குதிரையிலேயே போய், குதிரையிலேயே திரும்பக் கூட்டிவருவார். அதற்கு முன் பல வருடங்கள் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மதுரை டவுனுக்குள், நெரிசலான சந்து ஒன்றில், தங்கை சபுராவோடு பூர்வீக வீட்டில் வாழ்ந்தார்.

"ராவுத்தர்னாலே குதிரைக்காரங்கன்னு அர்த்தம்பாங்க. எங்க அத்தா வச்சிருந்தது பழைய ஸ்கூட்டரு. அதுவும் தள்ளிவிட்டாத்தான் ஓடும்" என்று தன் தகப்பனாரைச் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை மூடியபோது, அவரிடமிருந்த இரண்டு குதிரைகளை ரஹ்மத்தக்கா வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் பெரிய விளக்கமெல்லாம் வராது. "ஸ்கூல் போற வழியில தெனம் பாப்பேன். ஒரு நாள் நின்னு கழுத்தத் தடவிக் குடுத்தேன். அம்புட்டுத்தான்." அதன்பிறகு விடுமுறை விடுமுறையாக வெளியூர் போய் முறையாகச் சவாரி கற்றார். மேலும் சில குதிரைகள் சேர்ந்தன. வேலையை விட்டார். வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அன்று கோபித்துக்கொண்ட சபுரா அக்கா தோப்புப் பக்கம் ஒரு நாளும் எட்டிப்பார்த்ததில்லை. "நான் வந்து பாத்தா, நானும் சம்மதிச்ச மாதிரி ஆயிடும்" என்பது அவர் வாதம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பெரிய டப்பா நிறைய தம்ரூட் இனிப்பு செய்து கொடுத்தனுப்புவார். வழியில் அதைத் தின்றபடி, "கோவக்காரி கை பக்குவத்தப் பாருங்க" என்பார் ரஹ்மத்தக்கா.

நான் அவரைச் சந்தித்தது ஒரு பிசியோதெரபி நிலையத்தில். ஆனையூரில் என் வீட்டருகிலேயே ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, கூடி, நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரம். அவர் முதுகுவலிக்காக வந்திருந்தார். கால் சரியான பிறகும் வண்டியைத் தொடவே பயமாக இருக்கிறது, ஆட்டோவில்தான் போய் வருகிறேன் என்று சொன்னேன்.

"அப்ப குதிரையில வாங்க" என்றார், பக்கத்துக் கடைக்குக் கூப்பிடுவதுபோல.

"ஸ்கூட்டருக்கே பயப்படுறேன், குதிரையா? நம்ம பயம் குதிரைக்குத் தெரிஞ்சிரும்னு சொல்வாங்களேக்கா?"

"தெரியட்டுமே. தெரிஞ்சா மெதுவாப் போகும். ஸ்கூட்டருக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

வார இறுதிகளில் தோப்புக்குப் போய்ப் பழகினேன். என் கணவர் தடுக்கவில்லை. ஆனால் முதல் நாள் தோப்பு வாசலில் என்னை இறக்கிவிட்டவர், நான் குதிரையிலிருந்து இறங்கி வரும்வரை வண்டியை அணைக்கவே இல்லை. அடுத்த தையில் அந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். நான், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த கார்த்திக் என்ற மதுரைப் பையன், நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று, முன்னால் ரஹ்மத்தக்கா, பின்னால் பாண்டி அண்ணன். சமையல் சாமான்கள் ஒரு சிறிய வேனில் தார்ச் சாலை வழியாக வந்து சேரும்.

எனக்குக் கொடுத்தது ராணி என்ற வெள்ளைக் குதிரை. சாதுவானது என்றார்கள். முதல் நாள் ஒரு குறைச்சலும் இல்லை. இரண்டாம் நாள் பாலமேட்டுக்கு வடக்கே ஒரு சிற்றூரைக் கடந்தபோது கோயிலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ராணி நின்றது. காதைத் திருப்பியது. பிறகு முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்தது. நான் சேணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று கைதட்ட, மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

ரஹ்மத்தக்கா அவசரமே படாமல் பக்கத்தில் வந்தார். "அது பழைய கல்யாணக் குதிரை மீனா. மேளம் கேட்டா சும்மா இருக்காது. ஆடி முடிக்கட்டும். நீ மாப்ள மாதிரி நிமிந்து உக்காரு."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஆடி முடித்தது. ஒரு பெரியவர், "மாப்ள எங்கத்தா? பொண்ணு மட்டும் தனியாப் போகுது?" என்று கேட்டார். விபத்துக்குப் பிறகு நான் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சாத்தியாறு அணையைத் தாண்டினால் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். இடது பக்கம் மலை கூடவே வரும். கரட்டு நிலம், உடைமரம், ஆட்டுமந்தைகள், காய்ந்த ஓடைகள். மாலையில் ஒருமுறை காட்டுமாடுகள் சில சரிவில் இறங்கி நின்று எங்களையே பார்த்தன. காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமா என்று கார்த்திக் கேட்டான். "உள்ள போக நமக்கு அனுமதி கிடையாது தம்பி. ஓரமாப் போறவங்களுக்கு மலையே முழுசாத் தெரியும், பாருங்க" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

நத்தத்துக்கு முன்னால் ஒரு மாந்தோப்பில் தங்கினோம். மறுநாள் காலை ரஹ்மத்தக்காவின் குதிரை சுல்தான் தீனியைத் தொடவில்லை. கழுத்தை வளைத்துத் தன் வயிற்றையே பார்த்தது. தரையைக் காலால் பறித்தது. பிறகு படுத்துப் புரளப் பார்த்தது. அக்கா அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"உள்ள சத்தமே இல்ல. பாண்டி, எழுப்பு. படுக்க விடாத, நடத்து."

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார். அவர் வந்து சேர மதியமாகும் என்றார். அக்கா எங்களை உட்காரவைத்து நேராகச் சொன்னார். "சுல்தானுக்கு வயித்துவலி. குதிரைக்கு வயித்துவலின்னா சாதாரணம் இல்ல. குடல் முறுக்கியிருந்தா பொழைக்காது. உங்க கண்ணு முன்னாடியே செத்தாலும் செத்துரும். அதப் பாக்க வேணாம்னு நினைக்கிறவங்க வேன்ல ஊருக்குப் போயிரலாம். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கார்த்திக்குக்கு லீவு முடிகிற கவலை. "பாண்டி அண்ணன்கூட நாங்க மட்டும் முன்னால போகலாம்ல? நீங்க இருந்து பாருங்க" என்றான்.

"இல்ல தம்பி. நான் கூட வராம உங்கள அனுப்ப மாட்டேன். இன்னைக்கு இங்கதான்."

யாரும் வேனில் ஏறவில்லை. தோப்பைச் சுற்றிச் சுல்தானை மாற்றி மாற்றி நடத்தினோம். கொஞ்சம் அசந்தால் முழங்காலை மடக்கிவிடும். கயிற்றை இழுத்து, தட்டி, கெஞ்சி நடத்த வேண்டும். என் முறை வந்தபோது பழைய காயத்தில் வலி கிளம்பியது. அக்கா கவனித்துவிட்டார்.

"கால் வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"அந்தப் புளியமரம் வரைக்கும் போயிட்டுக் கார்த்திக் கையில குடு."

புளியமரம் வரை நடந்தேன். என் கால் அவ்வளவு பெரிய மிருகத்தை நடத்திக்கொண்டு போகும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. திரும்பி வந்தபோது அக்கா வேனுக்குப் பின்னால் நின்று குடத்துத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. "நீங்கள்லாம் பாத்தா பயந்துருவீங்க. அதான் இந்தப் பக்கம் வந்தேன்" என்றார்.

மருத்துவர் வந்து, மூக்கின் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் எண்ணெய் இறக்கினார். ஊசி போட்டார். சாயங்காலத்துக்குள் சாணி போட்டால் தப்பித்தது, இல்லாவிட்டால் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்றார். மறுபடியும் நடத்தினோம். வெயில் சாய்ந்து, மலையின் நிழல் தோப்புக்குள் வந்துகொண்டிருந்தபோது பாண்டி அண்ணன் கத்தினார். "போட்டுருச்சு! அக்கா, போட்டுருச்சு!"

முதலில் ஓடியவன் கார்த்திக். குதிரைச் சாணியை அவன் போட்டோ எடுத்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். ரஹ்மத்தக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் திரும்பினோம். சுல்தான்மேல் சேணம் போடவில்லை. அதன் கயிற்றைப் பிடித்தபடி அக்கா முன்னால் நடந்தார். நாங்கள் குதிரைகளில் பின்னால் வந்தோம். கொஞ்ச தூரத்திலேயே கார்த்திக் இறங்கி வந்து, "அக்கா, நீங்க ஏறுங்க, நான் இவனக் கூட்டி வாரேன்" என்றான்.

"ஏறிக்கங்க தம்பி. ஆளுக்கொரு குதிரைன்னு சொல்லித்தான கூட்டிட்டு வந்தேன். இவன் பயந்து போயிருக்கான், என் கை பட்டாத்தான் வருவான்."

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, குதிரைய வச்சுக்கிட்டு நீ நடந்து போற?" என்றார்.

"அவனுக்கு உடம்பு சரியில்லண்ணே."

"அதுக்கென்ன, சோடா வாங்கிக் குடு" என்றார் அவர். அன்று முழுவதும் அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு தூரமும், இடையில் ஓர் இரவு தங்கி, அலங்காநல்லூர் வரை நடந்தே வந்தார். முதுகுவலிக்காரர். தோப்பு வந்து சேர்ந்தபோது செருப்பு தேய்ந்து கிழிந்திருந்தது.

அந்த மாதமே நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனையூரிலிருந்து தோப்புக்கு அதில்தான் போவேன்.

சென்ற ஆடியில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. ஒரு நாள் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். சபுரா அக்கா டீ போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மீனா, டாக்டர் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. நல்லாயிரும்மா, நல்லாயிரும்மாங்குறாரு. சபுராகிட்டக் கேட்டா அழுகுறா. எனக்கு எம்புட்டு நாள் இருக்குன்னு நீ கேட்டுட்டு வந்து சொல்லு."

"அதெல்லாம் எதுக்குக்கா..."

"குதிரைகளுக்கு எடம் பாக்கணும். கெடு தெரிஞ்சாத்தான் வேலை பாக்க முடியும்."

போய்க் கேட்டேன். மருத்துவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு, மாந்தோப்பில் அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னதை நினைத்துக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "பொங்கல் வரைக்கும்னு சொல்றாருக்கா. அதுக்கு மேல சந்தேகம்தானாம்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "நல்லவேளை, சொல்லிட்ட" என்றார். அழுதது நான்தான்.

அடுத்த வாரத்திலிருந்து குதிரை கேட்டு வந்தவர்களைப் படுக்கையிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்தார். நிழல் இருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வரும், வீட்டில் யாருக்காவது கோபம் அதிகமா? ஒரு பண்ணைக்காரர் ராணியைக் கேட்டு வந்தார். பேச்செல்லாம் சரியாகவே இருந்தது. போகும்போது வாசலில் படுத்திருந்த நாயைக் காலால் தள்ளிவிட்டுப் போனதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "அவருக்கு வேணாம்" என்றார். ராணியும் சுல்தானும் பாண்டி அண்ணனுக்கு. மற்றவற்றுக்கும் நல்ல இடம் அமைந்தது. பொங்கலைத் தாண்டி மாசியையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சந்து முழுக்க ஆட்கள். அவரிடம் படித்த மாணவிகள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து கார்த்திக் வந்துவிட்டான். ஜும்மா முடிந்து எடுத்தபோது சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள்; கார்த்திக்கும் பாண்டி அண்ணனும் தோள் கொடுத்தார்கள். நாங்கள் பெண்கள் வீட்டிலேயே இருந்தோம்.

சந்து அமைதியான பிறகு சபுரா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குதிரை மேல அவ எப்படி இருப்பா? ஒரு நாள்கூட நான் வந்து பாக்கலையே. போன்ல படம் இருந்தா காட்டுத்தா."

காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ளத்தான் எனக்கே தெரிந்தது, எல்லாவற்றிலும் முதுகுதான். எப்போதும் முன்னால் போகிறவரைப் பின்னாலிருந்து எடுத்த படங்கள். "முகம் தெரியிற மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?" என்றார். நானும் பொறுமையாகத் தேடிக்கொண்டே போனேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. ஓடையைக் கடந்து கரை ஏறியபின் எடுத்தது. சேணத்தில் ஒரு கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி, பின்னால் பார்க்கிறார். முக்காடு சரிந்து நரைத்த முடி காற்றில் பறக்கிறது. உதடு லேசாகப் பிரிந்திருக்கிறது.

"என்ன சொல்றா?" என்றார் சபுரா அக்கா.

"ஒண்ணும் சொல்லலக்கா. எல்லாரும் வந்துட்டோமான்னு எண்ணிப் பாக்குறாங்க."

அவர் போனை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தபடி இருந்தார்.

எல்லோரும் வந்துகொண்டுதான் இருக்கிறோம், ரஹ்மத்தக்கா. நீங்கள் போங்கள்.