செட்டரின் பஞ்சு

மெஷின் துடைக்க வரும் வேஸ்ட் பஞ்சில் ஒரு சிட்டிகை பிய்த்து உருட்டி, இரண்டு காதிலும் திணித்துக்கொண்டால்தான், மெஷின்களைச் சரிபார்த்து ஓடவைக்கும் செட்டருக்கு ஷிஃப்ட் தொடங்கும். ஆணி தயாரிக்கும் அந்தக் கூடத்தில் முப்பத்தாறு மெஷின்கள். எதில் அச்சு மழுங்கியிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே காதால் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். இப்போது அந்தப் பெயரைக் காப்பாற்றுவது உள்ளங்கை. மெஷின்மேல் கையை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொள்வார். தலையை மட்டும், கேட்பதுபோல, ஒரு பக்கம் சாய்ப்பார்.

கம்பெனி கொடுக்கும் மஞ்சள் இயர் ப்ளக்கைத் தொட்டதில்லை. பஞ்சு இரைச்சலைத் தடுக்காது என்று சேஃப்டி ஆபீசரம்மா நாலு தடவை சொல்லிப் பார்த்தார். "ஏசி ரூம்ல உக்காந்தா அப்படித்தான் தோணும். நமக்குப் பஞ்சு போதும்" என்று பேக்கிங் ஆட்களைச் சிரிக்கவைத்தார் செட்டர்.

வீட்டில் மனைவிக்கு வேறு கவலை. "எதிர்வீட்டுக்காரங்க அவங்க டிவியை வித்துடப் போறாங்களாம். நம்ம வீட்டு டிவி சத்தமே போதுமாம்."

இரண்டு வருடமாக மகளும் அதே கூடத்தில், ஒன்பதாம் மெஷினில். முதல் நாள் அவள் காதில் பஞ்சை வைத்துவிட்டவர் அவர்தான்.

போன வாரம் டீ நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "வலது காதுல ஒரு கொசு குடிவந்திருக்குப்பா. தூங்க விடமாட்டேங்குது." எல்லோரும் சிரித்தார்கள். செட்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கொசு அவருக்குப் பத்து வருடப் பழக்கம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். மூன்று நாள் மகள் முகத்தைப் பார்க்காமலே வேலை சொன்னார்.

நான்காம் நாள் காலையில் ஒன்பதாம் மெஷினை அவரே நிறுத்தினார்.

"பஞ்சை எடுத்துப் போடு."

"ஏம்ப்பா?"

"எனக்கும் அந்தக் கொசு இருக்கு. நீ ஸ்கூல் போறப்பலேர்ந்து."

மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பேக்கிங் மேசை வரை கேட்டது.

"தெரிஞ்சுமா எனக்குப் பஞ்சு வெச்சீங்க?" அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை. உதட்டில் படித்துக்கொண்டார். பதிலுக்கு, சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த இரண்டு ஜோடி ப்ளக்கை நீட்டினார்.

பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த செய்முறைப் படத்தைப் பார்த்து, அவள் ஒன்றை மெல்லியதாக உருட்டிக் காதில் செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறு காதுக்கும் அப்படியே. பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

கூடமே பார்த்துக்கொண்டிருக்க, செட்டர் தன் காதிலிருந்த பஞ்சை உருவி எறிந்துவிட்டு, மகளுக்கு எட்டும்படி குனிந்து நின்றார்.