நீல டியூப்

அந்த நீல டியூபைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, கள்ளிக்குப்பத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பழைய பெட்ரோல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின். பெட்ரோல் குழாய் துருப்பிடித்துக் கசியத் தொடங்கியதும் என்னைத்தான் கூப்பிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் காற்றழுத்த மெஷின்கள் பூட்டும் ஃபிட்டர் நான். டியூபைப் பற்றி எனக்கே பாடமா என்ற திமிர். கடைக்காரர் பெட்ரோலுக்கென்றே வரும் கறுப்பு ரப்பர் ஹோஸை எடுத்து வைத்தார். அதைத் தள்ளிவிட்டேன். கம்பெனியில் மிஞ்சிய நீல பிளாஸ்டிக் காற்று டியூப் என் பையில் இருந்தது. எட்டு கிலோ அழுத்தத்தில் வரும் காற்றையே தாங்குகிறது, பெட்ரோல் எம்மாத்திரம்? போதாததற்கு, உள்ளே பெட்ரோல் ஓடுவது கண்ணுக்கும் தெரியும். "நீ சொன்னா சர்தான் மச்சான்" என்றார் மாமா. அன்றே மாட்டிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. கம்பெனியில் உலை அடுப்புக்குப் பக்கத்தில் போயிருந்த அதே நீல டியூப் ஊதிப்போய், இணைப்பிலிருந்து பட்டென்று கழன்று அடித்தது. "சூட்டாண்ட இத்த எவன்யா போட்டது? இளகிடும்னு தெரியாது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். இன்ஜினை ஒட்டியல்லவா நான் அதைக் கொண்டுபோயிருந்தேன்! மணி எட்டரை. வேனில் எட்டுப் பிள்ளைகள் இருக்கும் நேரம். போன் அடித்தேன்; எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. வண்டி ஓட்டும்போது மாமா போனைத் தொடமாட்டார். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்குச் சபித்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். எங்காவது புகை தெரிகிறதா என்றே கண் தேடியது. கடவுளே, கடவுளே என்று நடுரோட்டில் வாய்விட்டு அழுதுகொண்டே போனேன்.

பள்ளிக்கு முந்தைய திருப்பத்தில் வேன் நின்றிருந்தது. பிள்ளைகளையெல்லாம் இறக்கி எதிர்ச்சுவரோரம் உட்காரவைத்திருந்தார் மாமா. வாடை வந்த உடனே இன்ஜினை அணைத்துவிட்டாராம். டியூப் கழன்று தரையெல்லாம் பெட்ரோல். பதறி ஓடிவந்த ஒரு பிள்ளையின் அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்தார். "எவன்யா இத்த மாட்னது? பசங்கள கொளுத்தப் பாத்தியா?" மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் சார். தப்பு ஆயிட்சு" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. பயம்.

பள்ளிச் சவாரி மொத்தமும் போயிற்று. மாமா எஸ்டேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். "ஒங்க மூளையாலதான் பொழப்பே பூட்ச்சு" என்று அக்கா இன்னமும் மாமாவைத் திட்டுவாள். அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

போன வாரம் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பெட்ரோல் குழாய் மாற்ற வேண்டுமாம், கூப்பிட்டார். "நல்ல மெக்கானிக்கா பாருங்க மாமா" என்றேன்.

"இப்பதான் நீ பயந்துகினு மாட்டுவே மச்சான். நீயே வா."

போனேன். ஹோஸை இறுக்கும் ஒவ்வொரு கிளிப்பையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். அக்கா டீ கொண்டுவந்தாள். அன்றைக்கு வேனில் மாட்டியது நான்தான் என்று, மாமா தடுப்பதற்குள் சொல்லிவிட்டேன். பைக்கில் பறந்த அந்தக் காலையில்கூட நான் அவ்வளவு நடுங்கவில்லை.