மாடித் திருப்பத்து நாற்காலி

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில், கை வைத்த மர நாற்காலி ஒன்று கிடக்கிறது. உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். நடுவில் அது தொய்ந்து, ஒரு பக்கம் நான்கைந்து இழைகள் அறுந்திருக்கின்றன. சுவரில் அதன் முதுகு உரசி உரசி வெள்ளை அடித்தது போய்ச் சிமெண்ட் தெரிகிறது. லிஃப்ட் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கரண்ட் போனால்தான் யாரும் படியில் ஏறுவார்கள். இருந்தும் அந்த நாற்காலியை எடுத்துவிடலாம் என்று எந்தக் கமிட்டியும் இதுவரை சொல்லவில்லை.

அதை அங்கே கொண்டுவந்து போட்டவர் எங்கள் கூட்டுறவு வீட்டு சொசைட்டியின் தலைவர். பதவியை விட்ட பிறகும் எல்லோரும் அவரைத் தலைவர் என்றே அழைத்தோம். ஒரு விழா அழைப்பிதழில் ‘முன்னாள் தலைவர்’ என்று போடப்போகிறோம் என்றதற்கு, “முன்னாள்னு எதுக்குய்யா? பழையன்னு போடுங்க. கபாடிக்காரன் வந்தா எடைக்கு எடுத்துட்டுப் போயிருவான்” என்றார். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். கரோல் பாகில் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து இந்த சொசைட்டியைத் தொடங்கிய நாலைந்து பேரில் அவரும் ஒருவர். டெல்லியில் இத்தனை காலம் இருந்தும் ‘சொல்லுதேன்’, ‘பாக்கேன்’ அவரை விட்டுப் போகவில்லை. ஹிந்தியையும் அதே ராகத்தில்தான் பேசினார்.

நான் அப்போது ஒரு பத்திரிகையின் டெல்லி நிருபர். விதிகளை வளைப்பவர்களைப் பற்றி எழுதுவதே என் பிழைப்பு. வளைக்காத ஒருவர் எங்கள் சொசைட்டியிலேயே இருக்கிறார் என்பதை நம்ப எனக்குச் சிறிது காலம் பிடித்தது. கட்டட வேலை நடந்தபோது, ஒரு தீபாவளிக்கு காண்டிராக்டர் பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்தார். தலைவர் அங்கேயே பெட்டியைப் பிரித்து, வேலை செய்துகொண்டிருந்த கூலியாட்களுக்கும் காவலாளிக்கும் கொடுத்தார். கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, “பர்பியில முந்திரி தாராளமா இருக்கு. சிமெண்டையும் இதே மாதிரி போடுங்க” என்று ஹிந்தியில் சொன்னார். காண்டிராக்டர் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் கலவை மாறியது. பொதுக்குழுவில் ஒரு பெரிய அதிகாரி எழுந்து, “நான் யார் தெரியுமா?” என்று கேட்டபோது, “தெரியாம என்ன? பி பிளாக்குல தண்ணி வரலைன்னு தினமும் போன் பண்ணுதவர்” என்று பதில் வந்தது.

கட்டடம் தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் மட்டுமே. செலவைக் குறைக்க லிஃப்ட் வேண்டாம் என்று எல்லோரும் கூடி முடிவு செய்திருந்தோம். அதனால் தரைத்தள வீட்டுக்குப் பெரும் போட்டி. மந்திரி வீட்டுச் சிபாரிசு வரை வந்தது. யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும், குலுக்கலுக்குப் பிறகு யாரும் யாருடனும் வீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று தலைவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். மாற்றிக்கொள்ள அனுமதித்தால் பதவியில் இருப்பவர் கீழே இறங்குவார், இல்லாதவர் மேலே ஏறுவார் என்பது அவருடைய வாதம். எல்லோரும் கை தூக்கினோம்.

புசா ரோடு அருகே ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, குலுக்கல் நடந்தது. சீட்டுப் போடப் பெட்டி கொண்டுவர மறந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் சமையலறையிலிருந்து பெரிய பிரஷர் குக்கரைத் தூக்கி வந்தார். “மூடியை இறுக்காதீங்க, விசில் வந்தா விதி வெந்துரும்” என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது. ஒவ்வொருவராக வந்து தங்கள் சீட்டைத் தாங்களே எடுத்தார்கள். தலைவர் கடைசியாக எடுப்பது என்பதும் அவரே வைத்த ஏற்பாடு. எடுக்க எடுக்க, கரும்பலகையில் வீடுகள் நிரம்பிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரே ஒரு கட்டம் காலி. மூன்றாம் மாடி.

சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மனைவிக்கு இதய வால்வில் கோளாறு என்பதும், பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும் என்பதும் அங்கே பலருக்குத் தெரியும். குக்கரில் என்ன சீட்டு இருக்கிறது என்று தெரிந்தும் தலைவர் கையை விட்டு எடுத்து, பிரித்து, மற்றவர்களுடையதைப் படித்த அதே குரலில் படித்தார். பிறகு, “மொட்டை மாடிக்குப் பக்கம். நிலாச்சோறு சாப்பிடலாம்” என்றார். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது தவறு. யாருமே சிரிக்கவில்லை.

குடிவந்த முதல் வாரமே, தரைத்தளத்து வீடு விழுந்த இளைஞர் தன் மனைவியோடு மேலே வந்தார். விமான நிலையத்தில் வேலை. இரண்டாம் மாடியில் இருந்த நானும் அப்போது தலைவர் வீட்டில்தான் இருந்தேன். “சார், நாங்க சின்னவங்க. எங்களுக்கு மாடி ஒண்ணும் கஷ்டமில்ல. அம்மா கீழ இருக்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றார் அந்த இளைஞர்.

“சொல்லமாட்டாங்க, தம்பி. அதான் பயமா இருக்கு. இன்னைக்கு எனக்குச் சொல்லாதவங்க நாளைக்கு இன்னொருத்தருக்கும் சொல்லமாட்டாங்க. அப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுத் தடுக்க?” என்றார் தலைவர்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “விதிய மாத்த முடியாது, தம்பி. இவுக எழுதினது. தலைவிதின்னு சொன்னாத்தான் கோவம் வரும்.” தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். தன்னைவிட நன்றாகப் பேசுபவர் வீட்டிலேயே இருப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. நாங்களும் சிரித்தோம். படி ஏறப்போவது அந்த அம்மாள் என்பது அந்தச் சிரிப்பில் சற்று மறைந்துபோனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் நாற்காலி. படிகளில் செருப்பு, சைக்கிள், பூந்தொட்டி எதுவும் வைக்கக் கூடாது என்பதும் அவர் விதிதான். ஆகவே அவர் தன் சொந்த நாற்காலியை சொசைட்டிக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டு, எல்லோரும் உட்காரலாம் என்ற பேரில் திருப்பத்தில் போட்டார். பொது என்றால் உண்மையிலேயே பொது. கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவர் அதில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த அம்மாள் கோயிலிலிருந்து வந்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நிற்பார். சிலிண்டர்காரர் பதறி எழுந்தால், “பைட்டுங்க, பையா, பைட்டுங்க” என்பார். அண்ணா என்று அழைத்து ஹிந்தியில் உட்காரச் சொல்லி, மரியாதையைத் தமிழில் ஒட்டவைத்த சொல் அது. எங்கள் படிக்கட்டில் அதற்குப் பொருள் புரியாதவர் இல்லை.

வெள்ளிதோறும் கோயிலுக்குப் போனவர் மாதம் ஒருமுறை போனார். பிறகு விசேஷ நாட்களில் மட்டும். பிறகு பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவதோடு சரி. கீழே தரைத்தளத்துப் பெண் துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மேலிருந்து பேச்சுக் கொடுப்பார். குரல் மெலிந்த பிறகு கையை மட்டும் அசைப்பார்.

ஒரு குளிர்காலத்து மத்தியானம் மூச்சு அடைத்துக்கொண்டது. அந்த நாற்காலியைத்தான் மேலே எடுத்துப் போனோம். அதில் அவரை உட்காரவைத்து, நானும் விமான நிலைய இளைஞரும் காவலாளியும் தூக்கி இறக்கினோம். தலைவர் எங்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கியபடி, “பாத்து, திருப்பம், பாத்து” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி வரும்வரை தரைத்தளத்து வாசலில் நாற்காலியை வைத்தோம். இளம் வெயில் அடித்தது. அந்த அம்மாள் துளசித் தொட்டியைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார். “இங்க நல்ல வெயில்” என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. கணவர் அதைக் கேட்டார். நாற்காலியை வெயில் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தார். அந்த அம்மாள் திரும்பி வரவில்லை.

அடுத்த பொதுக்குழுவுக்குள் தலைவரின் பதவிக்காலம் முடிந்திருந்தது. முதியவர்களும் நோயாளிகளும் வீடு மாற்றிக்கொள்ளலாம் என்று புதிய கமிட்டி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அவர் எதிர்ப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

“நான் முன்மொழியுதேன். இந்த வரி அன்னைக்கே எனக்குத் தோணிச்சு. எழுதினா என் வீட்டுக்காக எழுதுதேன்னு நினைப்பிய. அந்தப் பேச்சுக்குப் பயந்து விட்டுட்டேன். என் வீட்டுல மட்டுமா சீக்காளி? எத்தன வீட்டுல இருப்பாக? அத நான் யோசிக்கல.”

உட்கார்ந்துவிட்டார். திருத்தம் நிறைவேறியது. வெளியே வரும்போது என் தோளில் கை வைத்தார். “பேப்பர்காரரே, உங்க பேப்பர்ல தப்பு வந்துட்டா மறுநாள் ஒரு மூலையில ‘வருந்துகிறோம்’னு போடுவியள்லா?”

“போடுவோம் சார்.”

“படிச்சவங்க எல்லாரும் அதையும் படிப்பாங்களா?”

இருவரும் வாசல் வரை நடந்தோம். “படிக்க வேண்டியவ படிக்க முடியாது. இருந்தாலும் போடணும்லா” என்றார். சிரிக்கவும் செய்தார்.

அந்தத் திருத்தத்தின்படி அவரே கீழே வந்திருக்கலாம். தரைத்தளத்து இளைஞர் மறுபடியும் மேலே போய்க் கேட்டார். “இப்ப எனக்கு என்னத்துக்கு?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசிவரை மூன்றாம் மாடிக்கு நடந்தே ஏறினார். திருப்பத்தில் மூச்சு வாங்கினால் படியில் உட்காருவார், நாற்காலிக்குப் பக்கத்தில். நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அவரும் போய் இப்போது பல வருடங்கள். எத்தனையோ பெரிய மனிதர்களின் நேர்மையைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்களில் யாரும் இப்படிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னதில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மதிப்பு. அந்த வெயிலை நினைத்தால் அதை முழு மனதோடு சொல்ல முடிவதில்லை.

போன வாரம் கரண்ட் இல்லை. எனக்கும் இப்போது முழங்கால் வலி உண்டு. மெல்ல ஏறித் திருப்பத்துக்கு வந்தபோது, கூரியர்காரர் ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் நரையைப் பார்த்துப் பதறி எழுந்தார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பைட்டுங்க, பையா” என்றேன்.

அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்தார்.