தட்டினால் நிற்கும் வேன்

பள்ளி வேன் ஓட்டுநருக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். "இவர் வீட்ல தண்ணி கேட்டா எதிர்வீட்ல கொண்டுவந்து குடுத்துடுவாங்க" என்று அவர் மனைவியே கிண்டலடிப்பாள்.

வேனில் அவர் வைத்ததுதான் சட்டம். மாலையில் இறங்க வேண்டிய பிள்ளை "நிறுத்துங்கண்ணா!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் வண்டி நிற்காது. "வாயைத் தொறந்து கேக்காத புள்ள எப்படிப் பொழைக்கும்?" என்பார். தான் பிள்ளைகளுக்குத் தைரியம் ஊட்டுகிறோம் என்று மனுஷருக்கு ஒரே பெருமை!

புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி காலையில் அப்பாவோடு பள்ளிக்குப் போய்விடுவாள். மாலையில் மட்டும் வேன். கடைத்தெரு முனையில் மற்ற பிள்ளைகளோடு இறங்கிக்கொள்வாள். வீடு அங்கேதான் என்று ஓட்டுநர் நினைத்திருந்தார்.

ஒருநாள் கடைத்தெருவிலேயே டயர் பஞ்சராகிவிட்டது. மாற்றிவிட்டுக் கிளம்பினால், பாலத்துக்கு அப்பால் அதே சிறுமி மூட்டை போலப் பையைச் சுமந்துகொண்டு தனியாக நடந்து போகிறாள்.

"அடக் கடவுளே! ஏறும்மா!"

அவள் தலையைக் குனிந்து மாட்டேன் என்று ஆட்டினாள். பின்சீட்டில் கெக்கெக்கே என்று சிரிப்பு.

எல்லோரும் இறங்கியபின் மிஞ்சியவள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளிடம் காரணம் கேட்டார்.

"அவளுக்குத் திக்கும் அண்ணா. 'நிறுத்துங்க' சொல்றதுக்குள்ள பின்சீட்டுத் தலைவனும் அவன் கூட்டமும் அதே மாதிரி திக்கிக் காட்டுவாங்க. நீங்களும் அவ வீட்டைத் தாண்டிடுவீங்க. அதான் கத்துறவங்களோட சேர்ந்து முன்னாடியே இறங்கிடறா."

"நாளைக்கு அவனுங்க காதைத் திருகிக் கையில குடுக்கறேன் பாரு!"

"குடுங்க. வேன்ல சும்மா இருப்பாங்க, பள்ளிக்கூடத்துல வச்சு அவளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. கத்தச் சொன்னதே நீங்கதானே? நாங்க பாத்துக்கறோம். நீங்க வாயை மூடிட்டு காதைத் தொறந்து வைங்க, போதும்."

அவரை வாயை மூடச் சொல்ல அதுவரை ஒரு ஆள் பிறந்ததில்லை. மூடிக்கொண்டார்.

மறுநாள் மாலை. முதல் வீடு வந்தது. யாரும் கத்தவில்லை. வேனின் பக்கத் தகரத்தில் தட், தட் என்று இரண்டு தட்டு. திகைத்துப்போய் பிரேக்கை மிதித்தார். அடுத்த வீட்டுக்கும் அப்படியே. கடைத்தெருவில் அந்தச் சிறுமி எழுந்தாள். பக்கத்திலிருந்த பொடியன் அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உங்க வீடு இன்னும் வரலக்கா."

அவள் உட்கார்ந்தாள். பாலம் தாண்டியது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். தட்டுவாளா? பின்சீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மெல்ல ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவள் வீட்டு வாசலிலேயே வண்டி நின்றது. அடேயப்பா! தான் இத்தனை வருஷம் கத்தியும் வராத ஒழுங்கு!

"அந்தப் பின்சீட்டுத் தலைவன் எப்படி ஒத்துக்கிட்டான்?" என்று மற்றவர்கள் இறங்கியபின் கேட்டார்.

"நீ சொன்னாத்தான் மத்தவங்க கேப்பாங்கன்னு சொன்னோம். நல்ல காரியத்துக்கு அவனை யாரும் கூப்பிட்டதே இல்லையாம்" என்றாள் வக்கீல்.

சில மாதங்கள் கழித்து வேனில் ஒரு புதுப் பையன் ஏறினான். தன் தெரு வந்ததும் "நிறுத்துங்க!" என்று அலறினான். வண்டி முழுக்க "உஷ்!" என்றது.

"கத்தாதடா" என்றான் அதே பின்சீட்டுத் தலைவன். "டிரைவர் அண்ணனுக்குக் காதுல கோளாறு. சத்தம் கேட்டா வலிக்கும். தட்டு, போதும்."

எனக்கா கோளாறு என்று சீறத்தான் வாயைத் திறந்தார். கண்ணாடியில் அந்தச் சிறுமி தெரிந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் நிம்மதியாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இந்தப் பொடிசுகளுக்கு இவ்வளவு பெரிய மனசா!

"ஆமாடா தம்பி, பயங்கர வலி" என்றார்.

மறுநாள் காலை மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காதுல எதுக்குங்க பஞ்சு? நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?"

"மெதுவாப் பேசு" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "எனக்குக் காது வலி. பசங்க சொல்லிட்டாங்க."